ஷாம்பெய்னுக்கு ஒரு சட்டம், மட்டிப் பழத்துக்கு ஒரு சட்டமா?

போன வாரம் இங்க அடிலெய்டுல, கூட வேலை பார்க்கிறவர் வீட்டுல விருந்து. பாட்டிலைப் பார்த்து "ஓ, ஷாம்பெய்ன்!"னேன். அவர் உடனே திருத்தினார்: "இது பரோஸா திராட்சை. ஷாம்பெய்ன்னு சொல்லக்கூடாது, ஸ்பார்க்ளிங் ஒயின்."

மனுஷர் சொன்னது சரிதான். ஐரோப்பிய யூனியனோட 2008-ல கையெழுத்தான ஒப்பந்தம் 2010-ல அமலுக்கு வந்ததும், ஆஸ்திரேலியக் கம்பெனிகள் அந்தப் பேரை விட்டுக்கொடுக்க வேண்டியதாச்சு. ஆஸ்திரேலியாவுக்குள்ளயும் அப்படித்தான். லேபிள்ல பரோஸான்னு போடணும்னா 85 சதவீதம் திராட்சை அங்க விளைஞ்சிருக்கணும். நியாயமான சட்டம். எனக்கு அதுல சண்டை இல்லை.

என் சண்டையே வேற.

கரமனைல எங்க வீட்டுப் பக்கத்துக் கடைல மட்டிக் குலை தொங்கும். களியக்காவிளை ரோடு வழியா கன்னியாகுமரி ஜில்லாவுலேர்ந்து வர்ற பழம். எங்க வீட்டுல குழந்தைக்கு முதல்ல ஊட்டுறது அதைத்தான். 2023-ல கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ அம்மாவுக்கு போன்ல சந்தோஷம் தாங்கலை.

ஆனா உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ் ஒப்பந்தத்தைப் பாருங்க. 22-வது பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது. வாங்கினவங்க ஏமாறுறாங்கன்னோ, போட்டி முறைகேடானதுன்னோ காட்டினாத்தான் வழக்கு நிக்கும். 23-வது பிரிவு ஒயினுக்கும் விஸ்கி, பிராந்தி வகையறாவுக்கும் மட்டும். யாரும் ஏமாந்ததா நிரூபிக்கவே வேண்டாம். 'ஷாம்பெய்ன் மாதிரி', 'ஷாம்பெய்ன் வகை'ன்னு போட்டாலே தப்பு.

குடிக்கிற திராட்சைக்கு இரும்புக் கதவு, குழந்தைக்கு ஊட்டுற வாழைக்கு ஓலைத் தட்டியா?

"அவங்க காலங்காலமா காப்பாத்தின பேராச்சே"ம்பாங்க. சும்மா கிடைக்கலை சார். 1911-ல ஷாம்பெய்ன் எல்லைத் தகராறுல அங்க விவசாயிகள் கலவரமே பண்ணியிருக்காங்க. வாழை போடுறவர் மட்டும் என்ன, பேர் சம்பாதிக்கலையா?

பாங்க்ல கடன் மனு பார்க்கிறவன் நான். பேருக்கு விலை உண்டுன்னு தெரியும். அந்தப் பேரை யார் வேணா ஒட்டிக்கலாம்னா விலை விவசாயி கைக்கு வராது.

ஒயினுக்குக் கொடுத்த பாதுகாப்பை மத்தப் பொருளுக்கும் கொடுங்கன்னு இந்தியா உலக வர்த்தக அமைப்புல கேட்டிருக்கு. நல்லது. நம்ம 1999 சட்டத்தோட 22-வது பிரிவுலயே, குறிப்பிட்ட பொருள்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கே! வெளில கேக்கறதை முதல்ல வீட்டுல மட்டிக்குச் செய்யட்டும்.

நாமளும்தான். ஒயின் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறோம். லீவுக்கு ஊருக்குப் போறப்போ, பழக்கடைல "இது எந்த ஊர் மட்டி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சுடும்?