பகிடி என்ற பெயரில் வதை

"சும்மா பகிடிக்குத்தான்." இந்த வார்த்தைகளைக் கேளாத பிள்ளை எமது ஊர்களில் இல்லை. அடித்தவன் இதைத்தான் சொல்கிறான். பக்கத்தில் நின்று பார்த்தவனும் இதைத்தான் சொல்கிறான். முறைப்பாட்டைக் கேட்ட பெரியவர்களும் பல வேளைகளில் இதையே சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். எமது பேச்சுத் தமிழில் 'பகிடிவதை' என்றொரு சொல் உண்டு. அதன் முன்பாதியை வாய்விட்டுச் சொல்கிறோம், பின்பாதியை விழுங்கிவிடுகிறோம்.

அந்தப் பின்பாதியைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் கதை ஒன்று கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த 'ஃபனி போய்' என்ற நாவல் அது. 2006இல் கனடிய வானொலியில் நாடகமாக ஒலிபரப்பாகி, 2020இல் தீபா மேத்தாவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. ஆசிரியர் 1965இல் கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர்.

கதையின் நாயகன் ஆர்ஜி. சிறுவயதில் மச்சாள்மாரோடு சேர்ந்து, சேலை உடுத்து, மணப்பெண்ணாக விளையாடுகிறான். பெரியவர்கள் கண்டதும் முதலில் சிரிப்பு, பிறகு ஏச்சு, அதன்பின் பையன்களோடு போய்க் கிரிக்கெட் விளையாடு என்ற கட்டளை. பதின்ம வயதில், அவனை 'ஆம்பிளை' ஆக்குவதற்கென்றே தகப்பன் வேறொரு பாடசாலையில் சேர்க்கிறார். அங்கே அதிபரின் கையில் பிரம்பு. சிங்கள மொழி வகுப்பில் இருக்கும் அவனைப் பார்த்து, 'நீ தமிழன், தமிழ் வகுப்புக்குப் போ' என்ற வகையில் சக மாணவர் விரட்டுகின்றனர். சிங்கள மாணவன் ஒருவன்மேல் அவனுக்குக் காதல் உண்டாகிறது. அதையும் மறைத்தே வாழவேண்டியிருக்கிறது. கடைசியில் பாடசாலை வாழ்வைப் புகழும் கவிதைகளை விழா மேடையில் ஒப்புவிக்குமாறு பணிக்கப்படும்போது, வேண்டுமென்றே வரிகளைக் குழப்பிச் சொல்லித் தன் எதிர்ப்பைக் காட்டுகிறான். அதன்பின் வரும் 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிகிறது.

பிள்ளைகளின் காதலைப் பற்றி வாசகர்களுக்குப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் எந்தக் கருத்தும் ஒரு பிள்ளையை அடிக்கவோ அவமானப்படுத்தவோ அனுமதிச் சீட்டு ஆகாது.

எமக்குத் தெரிந்த கேள்வி

'நீ ஏன் இங்கே இருக்கிறாய்?' என்று ஆர்ஜியின் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்வி எமக்குப் புதியதல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களில், வழிமறித்தவர்கள் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டனர். 2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர், கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லையென்று பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது.

இவ்வளவையும் அனுபவித்த சமூகம் தன் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது? மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படிப்பதற்காகக் கொழும்புக்கு வரும் பிள்ளை வாய் திறந்ததும் வகுப்புச் சிரிக்கிறது. 'தோட்டக்காட்டான்' என்ற வசைச் சொல்லை வேறு யாரும் எமக்குக் கற்றுத்தரவில்லை. கொழும்பில் வளர்ந்த பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அதன் தமிழைக் கேட்டு அங்கேயும் சிரிப்பு. மென்மையாக நடக்கும் பையனுக்கு எந்த ஊரிலும் 'பொம்பிளைச்சட்டி' என்ற பட்டம் காத்திருக்கிறது. உச்சரிப்பையும் நடையையும் வைத்து ஆளைத் தரம் பிரிக்கும் பழக்கம், யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

இதன் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியாததல்ல. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் அதன் பின்னரே வந்தது. சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் வருவது பெரும்பாலும் காயம் பட்ட பிறகு. சிரிக்கும் கூட்டம் முன்னரே உருவாகிவிடுகிறது.

மேடைக்கும் பொறுப்பு உண்டு

அந்தக் கூட்டம் உருவாகும் இடங்களில் ஒன்று எமது மேடை. கலைவிழாக்களில் சிரிப்பு வேண்டுமென்றால் ஒரு பையனுக்குப் பெண் வேடமிட்டு நெளிய விடுகிறோம். அல்லது ஒருவனை வேற்றூர்ப் பேச்சுப் பேச வைக்கிறோம். முன்வரிசையில் இருக்கும் சிறுவன் அதில் ஒரு பாடம் படிக்கிறான். மறுநாள் வகுப்பில் அந்தப் பாடத்தை யார்மீது செய்துபார்ப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எமது பழைய மரபு இப்படியானதல்ல. நாட்டுக்கூத்துகளிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் கத்தோலிக்கக் கூத்துகளிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று ஆடினர். அரசியாகவும் தாயாகவும் ஆடியவரின் புலம்பலுக்கு ஊரே அழுதது. அது கேலிக்கான வேடம் அல்ல, இன்னொருவரின் துன்பத்தைத் தன்மேல் ஏற்கும் வேடம்.

இந்த மரபோடு, பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஒகஸ்டோ போவால் காட்டிய வழியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்டோரின் அரங்கு என்ற அவரது முறையில் ஒரு வகை உண்டு. அநீதி ஒன்று நடப்பதாகச் சிறு நாடகம் போடப்படும். மறுமுறை அதே நாடகம் நடக்கையில் பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லலாம். மேடையேறி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று, வேறு வழியொன்றைச் செய்து காட்டலாம். செலவில்லை, திரைச்சீலையும் வேண்டாம், மரநிழல் போதும். கிராம இளைஞர் மன்றங்களும் பாடசாலை நாடக மன்றங்களும் இதனைச் செய்யலாம்.

ஆனால் கவனம் தேவை. ஊரில் உண்மையாகவே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அதே வேடத்தைக் கொடுக்கக்கூடாது. அப்பிள்ளையின் பெயரோ கதையோ அடையாளம் தெரியும்படி வரக்கூடாது. பக்கத்தில் நின்று சிரிக்கும் நண்பனின் பாத்திரத்துக்கே அதிக நேரம் கொடுக்கவேண்டும். எமது பிள்ளைகளிற் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் நிற்கின்றனர். நாடகம் முடிந்தபின் எந்தப் பிள்ளையாவது வந்து பேச விரும்பினால், கேட்பதற்கு நம்பிக்கையான ஒரு பெரியவர் அங்கே இருக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அன்றே சொல்லிவைக்கலாம்.

'ஃபனி போய்' படம் வந்தபோது, தமிழ்ப் பாத்திரங்களுக்குப் போதிய தமிழ் நடிகர் இல்லை, பேசப்படும் தமிழ் தமிழாக ஒலிக்கவில்லை என்ற கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனந்தான். ஆனால் எமது பிள்ளைகளின் கதையை எமது தமிழில், எமது மேடையில் நாமே சொல்லும் பொறுப்பு எங்களிடமே இருக்கிறது. அடுத்த கலைவிழாவுக்கு நாடகம் தெரிவு செய்யும்போது ஒன்றை மாத்திரம் கேட்டுப்பார்ப்போம்: இந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் தலைகுனிந்து இருக்கப்போகும் பிள்ளை யார்? அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த நாடகத்தை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுவோம்.