வாத்தியாருக்கும் பாடம் வேண்டும்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் கூட்டத்துக்குக் குறைவு இல்லை. அருவியில் குளித்தவர்கள் ஈரத் தலையோடு காசி விசுவநாதர் கோவிலுக்கு வருகிறார்கள். வாசலில் நின்று, 9 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பையனுக்கு 12 வயது இருக்கும். கல்லில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்பா, இதிலே என்ன எழுதியிருக்கு?"

"அது அந்தக் காலத்து எழுத்துலே. எனக்கு என்ன தெரியும்? உன் சரித்திர வாத்தியாரைக் கேளு."

தகப்பனார் சொன்னது சரிதான். தெரியாததை ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால், அந்த ஆசிரியருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? இதுதான் என் கேள்வி.

கல் சொல்லும் சேதி

இந்தக் கோவிலை 1446-ம் ஆண்டு கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். அவன் தன் மனத்தில் இருந்ததைப் பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தான்.

அதன் கருத்து இது: பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்கு ஏதாவது குறை வரலாம். அப்படி வந்தால், அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகம் அறிய அவரைப் பணிகிறேன் என்கிறான்.

பாருங்கள்! முடி சூடிய மன்னன். அவன் அதிகாரம் செய்யவில்லை. இன்னும் பிறக்காத ஒரு மனிதரைக் கும்பிடுகிறான்.

அவன் பயந்தபடியே கேடு வந்தது. கோபுரம் சிதைந்தது. பல தலைமுறைகள் அதை மொட்டைக் கோபுரமாகத்தான் பார்த்தன. பிறகு வந்தவர்கள் கோபுரத்தை மீண்டும் எழுப்பினார்கள். 1990-ம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய வேண்டுகோள் வீண்போகவில்லை.

நமது அரசியல் சட்டத்தில் 1976-ம் ஆண்டு குடிமக்களின் கடமைகள் சேர்க்கப்பட்டன. பொதுச் சொத்தைக் காக்க வேண்டும், பழம்பெருமையைப் பேண வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. பிள்ளைகள் இதைக் குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

பாண்டியன் கல்லின் முன்னால் நிறுத்தி இதே பாடத்தைச் சொன்னால் மறப்பார்களா?

ஒரே ஆசிரியர், நாலு பாடம்

ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும்.

சமூக அறிவியல் என்பது ஒரு புத்தகம். அதற்குள் வரலாறு இருக்கிறது. புவியியல் இருக்கிறது. குடிமையியல் இருக்கிறது. பொருளியலும் இருக்கிறது. பெரும்பாலும் வரலாறோ புவியியலோ படித்துப் பட்டம் பெற்ற ஒருவர்தான் நாலையும் நடத்துகிறார். குடிமையியலுக்கு என்று தனியாக ஆசிரியர் இல்லை. எனவே அது கடைசிப் பாடமாகப் போகிறது. பரீட்சை நெருங்கும்போது ஓட்டமாக ஓடி முடிக்கப்படுகிறது.

பயிற்சி இல்லாமல் இல்லை. வட்டார வள மையத்தில் நடக்கிறது. குறுவள மையத்தில் நடக்கிறது. 2018-ம் ஆண்டு முதல் வந்த புதிய புத்தகங்களில், கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும் கட்டக் குறியீடு இருக்கிறது. 2023-ல் அரசு "மணற்கேணி" என்ற செயலியைக் கொண்டு வந்தது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகத்தில் அரிய பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். எல்லாம் நல்ல காரியங்கள். பாராட்ட வேண்டும்.

ஆனால் இவை தமிழ்நாடு முழுமைக்கும் பொது. தென்காசிப் பையன் தடவிப் பார்த்த கல்லுக்கு இவற்றில் எங்கே பதில் தேடுவது? அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தந்த ஊரிலேயே வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் புதையல்

குடிமையியலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பழங்காலத்து ஊராட்சி என்றால் உத்திரமேரூர் என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள். நல்லது. அது காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் மானூர் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள ஊர். அங்கே பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு உண்டு. ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் பழமையானது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முந்தியது.

ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று அதில் விதி இருக்கிறது. நிலம் வேண்டும். நூலறிவு வேண்டும். நல்ல நடத்தை வேண்டும். எந்த யோசனை வந்தாலும் கூடாது, கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு 5 காசு அபராதம்!

இதைக் கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்த பிறகு யோசிக்கும். அன்று நிலமும் நூலறிவும் உள்ளவர்களுக்குத்தான் அந்தச் சபை. இன்று 18 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் கிராம சபையில் இடம் உண்டு. கூலி வேலை செய்யும் அம்மாளும் எழுந்து கணக்குக் கேட்கலாம். இந்த மாறுதல் எப்படி வந்தது? அங்கேதான் சரித்திரமும் குடிமையியலும் கை கோத்துக்கொள்கின்றன.

இன்னோர் உதாரணம் செங்கோட்டை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆனால் 1956 வரை அது வேறு ராஜ்யம். தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. ஆஷ் துரையை 1911-ல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊர் செங்கோட்டைதான். மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, 1956 நவம்பர் 1-ந் தேதி, செங்கோட்டை தாலுகாவின் ஒரு பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கன்னியாகுமரிப் பகுதியும் அன்றுதான் சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு.

எல்லை மாறியதைக் கண்ணால் பார்த்த முதியவர்களுக்கு இன்று 75 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் போனால் கேட்க ஆள் இருக்காது. அவர்கள் சொல்வதை இன்றே எழுதி வைக்க வேண்டும். அந்த வேலையைச் சரித்திர ஆசிரியரைவிடப் பொருத்தமாக யார் செய்ய முடியும்?

கீழடி ஆசிரியர்

ஓர் ஆசிரியர் விழிப்பாக இருந்தால் என்ன நடக்கும்? கீழடியைக் கேளுங்கள்.

1970-களில் கீழடிப் பள்ளியில் பாலசுப்பிரமணியம் என்பவர் வரலாற்று ஆசிரியராக இருந்தார். மண்ணைத் தோண்டிய இடத்தில் பழைய பொருள்கள் கிடைத்ததை மாணவன் மூலம் அறிந்தார். போய்ப் பார்த்தார். சேர்த்து வைத்தார். தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். பல ஆண்டுகள் கழித்து, 2015-ல், அங்கே அகழாய்வு நடந்தது. இன்று கீழடியின் பெயர் தெரியாத தமிழர் இல்லை.

பழைய ஓட்டுக்கும் புதிய ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவராக அவர் இருந்திருந்தால்? மாணவனிடம், குப்பையைத் தூக்கி எறி என்று சொல்லியிருப்பார்!

என்ன செய்யலாம்?

வழி நம் குற்றாலத்திலேயே இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் இது. அதற்கு முன் திருநெல்வேலியில் அவருடைய வீட்டு முற்றத்தில் அன்பர்கள் கூடுவார்கள். அதற்கு வட்டத்தொட்டி என்று பெயர். ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள், ரசிப்பார்கள், பேசுவார்கள். கம்பனை அனுபவிக்கப் பலர் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

சரித்திர ஆசிரியர்களுக்கும் ஒரு வட்டத்தொட்டி வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். ஒரு மாதம் தென்காசிக் கோவில். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து எழுத்தைச் சொல்லித் தரட்டும். அடுத்த மாதம் குற்றாலத்தில் சங்கு வடிவக் கோவிலும் சித்திர சபையும். பிறகு மானூர், செங்கோட்டை. பூலித்தேவன் 1755-ல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் இருக்கவே இருக்கிறது.

பள்ளிக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் கொடுங்கள். அதில் ஊர்க் கல்வெட்டின் மைப்படி இருக்கட்டும். பக்கத்திலேயே அது இன்றைய எழுத்தில் இருக்கட்டும். 1956-க்கு முந்திய வரைபடம் ஒன்று, பிந்திய வரைபடம் ஒன்று. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு ஒரு பிரதி. முதியவர்கள் சொன்னதை எழுதிய நோட்டு ஒன்று. இவ்வளவுதான். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம்.

"பாடம் முடிக்கவே நாள் போதவில்லை. இதற்கு நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: இதைக் கூடுதல் சுமையாக ஏற்றக் கூடாது. இப்போது மண்டபத்தில் உட்கார வைத்து நடத்தும் பயிற்சி நாள்களில் சிலவற்றை இதற்கு மாற்றிக் கொடுங்கள். பஸ் செலவை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

"மார்க்குக்கு உதவுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். உதவும். கண்ணால் கண்டதைப் பிள்ளை மறக்காது. மார்க்கைவிடப் பெரிய பலனும் உண்டு. தன் ஊரை அறிந்த பிள்ளை கோவில் சுவரில் பெயரைக் கிறுக்காது. அருவிக் கரையில் குப்பை போடாது.

நவம்பர் 1

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். புது மாவட்டம். புதுப் பழக்கத்தைத் தொடங்க ஏற்ற மாவட்டம்.

நாளையும் நானே சொல்லிவிடுகிறேன். நவம்பர் 1. செங்கோட்டை நம்மோடு சேர்ந்த நாள். 2022 முதல் உள்ளாட்சி நாளாகக் கிராம சபை கூடும் நாளும் அதுவே. அன்று ஆசிரியர் தம் பிள்ளைகளைப் பக்கத்துக் கிராம சபைக்கு அழைத்துப் போகட்டும். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் கேட்கட்டும். சரித்திரம், குடிமையியல் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பராக்கிரம பாண்டியன், காப்பாற்ற வருகிறவர்களை அன்றே கும்பிட்டு வைத்தான். அவன் கும்பிட்டவர்களில் நம் வாத்தியாரும் ஒருவர். அந்தக் கல்லைப் படிக்க அவருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?