செப்பும் பந்தும் கடல் கடந்த கதை

தற்காலத்து ஜாலவித்தைக்காரர் அனைவரும் ஆதி நூலாகக் கொண்டாடும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று உண்டு. ‘மாடர்ன் மாஜிக்’ என்பது அதன் பெயர். 1876-ஆம் ஆண்டில் லண்டனில் ரூட்லெட்ஜ் கம்பெனியார் வெளியிட்டனர். ஆசிரியர் ‘புரொபஸர் ஹாப்மன்’. அவர் புரொபஸரும் அல்லர், ஜெர்மானியரும் அல்லர்; ஆஞ்செலோ லூயிஸ் என்னும் பாரிஸ்டர். கண்ணைக் கட்டும் கலையில் வல்லவர் என்று தெரிந்தால் கட்சிக்காரர் அஞ்சுவர் என்று எண்ணினார் போலும்!

நூலில் 318 சித்திரங்கள் உள்ளன. அவையே அதன் உயிர். உள்ளங்கையில் நாணயத்தை மறைப்பதற்கு எவ்விரலை எவ்வளவு மடக்க வேண்டும், மேஜையின் பின்புறத்தில் சபையோர் காணாதபடி சிறு பலகை எங்கே பொருத்தப்படும், கோட்டின் வால்களில் இரகசியப் பைகள் எவ்விடத்தில் தைக்கப்படும் என்பவற்றையெல்லாம் ஒளியாமல் வரைந்து காட்டியிருக்கிறார். பிழைப்பிலே மண் விழுந்தது என்று தொழிலாளர் சிலர் முணுமுணுத்தனர். மண் விழவில்லை, அந்நூலைப் படித்தே ஒரு தலைமுறை மேடையேறிற்று.

அந்நூலில் மூன்று பகுதிகளைத் தமிழ் வாசகர் ஊன்றி நோக்க வேண்டும்.

முதலாவது, கிண்ணமும் பந்தும். நம் மொழியில் இக்கலை முழுவதற்குமே செப்பிடு வித்தை என்று பெயர் வந்தது இந்தச் செப்புக் கிண்ணங்களாலேதான். இதனை நாமே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவது நியாயமன்று. ரோமாபுரியின் செனெக்காவும் இவ்விளையாட்டைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆனால் முறை வேறு. ஐரோப்பியர் மேஜையின் பின்னே நின்று செய்வர். நம்மவருக்கு மேஜையும் இல்லை, வால் வைத்த கோட்டும் இல்லை. வெறுந்தரையில் அமர்ந்து, தலையில் குமிழ் வைத்த ஆழமற்ற கிண்ணங்களை விரலிடுக்கில் பற்றி, சுற்றிலும் ஜனங்கள் நிற்கச் செய்ய வேண்டும். எது கடினம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, பிள்ளையைக் கூடையில் மூடி வாளால் குத்தும் வித்தை. இதற்கு மட்டும் ஹாப்மன் ‘இந்தியக் கூடை’ என்றே பெயரிட்டார்.

மூன்றாவது, ஆகாயத்தில் மிதத்தல். பிரெஞ்சு நிபுணர் ரோபேர் ஊடேன் 1847-இல் தம் மைந்தனை ஈதர் மருந்தின் மகிமையால் மிதக்க விடுவதாகச் சொல்லிப் பாரிஸ் நகரை மயக்கினார். அதற்கு முன்னரே சென்னைப் பட்டணத்தில் ஒருவர், தரைக்கு நான்கடி உயரத்தில், ஒரு கையை மட்டும் மான் தோல் சுருளின்மேல் வைத்துக்கொண்டு, ஜபமாலையை உருட்டியவாறு வீற்றிருந்தார். ஆங்கிலேயர் அவரைச் ‘சேஷல்’ என்று எழுதினர், சேஷய்யரோ, சேஷாசலமோ! 1830-இல் அவர் மறைந்தார். 1832-இல் லண்டன் பத்திரிகையில் அவருடைய படம் வெளியாயிற்று. மூங்கிலுக்குள் இரும்புத் தண்டு. அது தோல் சுருள் வழியே அங்கியின் கைக்குள் நுழைந்து, ஆடைக்குள் மறைந்த இருக்கையைத் தாங்கும் என்று யூகித்தனர். கம்பளியால் மறைத்துக்கொண்டே ஏறுவதும் இறங்குவதும் செய்தமைக்குக் காரணம் அதுவே.

வித்தை கடல் கடந்தது போலவே வித்தைக்காரரும் கடந்தனர். இன்று இராயபுரத்தின் அருகே சரக்குக் கப்பல்கள் துறைமுகத்திற்குள்ளேயே வந்து கட்டப்படுகின்றன. துறைமுக வேலை தொடங்கிய 1875-க்கு முன், கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிடும். மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்துதான் சென்று சேர வேண்டும். அப்படிப் போன தலைமுறையைச் சேர்ந்தவர் சென்னை இராமசாமி. சீமையார் வாயில் ‘ராமோ சாமி’ ஆனார். வாளை விழுங்குவார், மணிகளையும் குதிரை மயிரையும் வாயிலிட்டு, கோத்த மாலையாக எடுப்பார். 1819-இல் அமெரிக்காவுக்கும் சென்றார். ஹாஸ்லிட் என்னும் கட்டுரையாசிரியர் 1821-இல் இந்திய வித்தைக்காரரைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதில் நான்கு பித்தளைப் பந்துகளை எறிந்து பிடிக்கும் மனிதர் இராமசாமியே என்பது பலர் கருத்து. அக்கைத்திறனுக்கு முன் தம் எழுத்து எம்மாத்திரம் என்று ஹாஸ்லிட் நாணினார். அத்தகையவர் 1850-இல் லண்டனில் காலமானபோது, அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் கையேந்த நேர்ந்தது.

சுதந்திரம் வந்த பின்னரும் நம் சர்க்கார்கள் தெருவித்தைக்காரரை உயர்வாக நடத்தவில்லை. 1959-ஆம் வருஷத்துப் பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டம், பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் காசு பெறுவதைப் பிச்சை என்றே வகுத்தது. தில்லிக்கும் அது விரிக்கப்பட்டது. அதன் தண்டனை விதிகள் பலவற்றைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல்தான் செல்லாதவை ஆக்கிற்று. அதற்குள், ஜாலக்காரர் பலர் வாழ்ந்த கட்புத்லி காலனி 2017-இலேயே இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது.

தமிழில் ஹாப்மன் நூலைப்போல் ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கிண்ணத்தைப் பற்றும் விரலைச் சித்திரக்காரர் அருகிலிருந்து வரைய வேண்டும். ஆனால் மேடைக்காரருக்கு நூறு வித்தைகள். ஒன்று வெளிப்பட்டால் மற்றொன்று. தரையில் துணி விரிப்பவருக்கோ நாலைந்து இரகசியங்களே சொத்து. ஆகவே எதை வரையலாம், எதை வரையலாகாது என்று சொல்லும் உரிமை அவருடையதாக இருக்க வேண்டும். அட்டையில் அவர் பெயர், சேஷலைப்போல் சிதையாமல், முழுமையாக அச்சாக வேண்டும். புத்தகம் விற்ற பணத்தில் முதல் பங்கும் அவருக்கே சேர வேண்டும்.