மான்களை எண்ணுவது யார்?

மந்தை குறைந்துவிட்டது என்கிறது அரசாங்கம். இல்லை, அது வேறு பக்கம் போயிருக்கிறது என்கிறான் அந்த மந்தையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வேட்டைக்காரன். இருவரில் யார் சொல்வதை நம்புவது? கனடாவின் வடபகுதியிலே இந்தக் கேள்வி எழுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதன் பேரால் ஒரு சமூகம் முழுவதுமே தன் ஊரிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டது. ஊரிழந்த எமது விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய கதை இது என்பதனால் இங்கு எழுதுகிறோம்.

கரிபூ என்பது குளிர்நாட்டு மான். எமது காட்டு மரையை விடச் சற்றுச் சிறியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்புண்டு. மாரியைக் காட்டுக்குள் கழித்துவிட்டு, வசந்தத்திலே பல நூறு கிலோமீற்றர் வடக்கே நடந்து, மரமே இல்லாத வெளியில் ஜூன் மாதத்தில் குட்டி போடும். டெனே எனப்படும் ஆதிக்குடி மக்களுக்கு இந்த மானே உணவு, உடை, கூடாரம், கயிறு எல்லாம். எமக்கு நெல்லும் பனையும் எப்படியோ அவர்களுக்குக் கரிபூ அப்படி.

ஒரு படமும் ஒரு விமானமும்

டெனே மக்களில் ஒரு பிரிவினர் சயிசி டெனே. மனிற்றோபா மாகாணத்தின் வடக்கே டக் லேக் என்னும் ஏரிப்பக்கம் அவர்கள் வாழ்ந்தார்கள். மான்கள் தண்ணீரைக் கடக்கும் துறைகளிலே காத்திருந்து, நீண்ட மாரிக்கு வேண்டிய இறைச்சியை இலையுதிர் காலத்தில் ஒரே முறையில் சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். குளிர் இறங்கியதும் இறைச்சி உறைந்துவிடும், பழுதாகாது. மனிதருக்கும் வண்டில் இழுக்கும் நாய்களுக்கும் அதுவே மாரி முழுவதற்கும் சேமிப்பு.

1949 இல் அரச உயிரியலாளர் கரிபூக்களை ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிட்டிருந்தனர். 1955 இல் அவர்கள் சொன்ன தொகை 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் குறைவு. ‘கரிபூ நெருக்கடி’ என்று பேச்சு எழுந்தது. அதே 1955 இல் டக் லேக் கரையிலே மான் உடல்கள் கிடப்பதை உத்தியோகத்தர்கள் படம் பிடித்தார்கள். தேவைக்கு மேல் கொன்று வீணாக்குகிறார்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாயிற்று.

வயலிலே சூடு வைத்திருக்கும் நெல்லைக் கண்டு, “அறுத்த நெல்லை வெளியிலே எறிந்துவிட்டான்” என்று பட்டணத்து உத்தியோகத்தர் ஒருவர் அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும் இருந்தது. இது என்ன என்று அந்த மக்களிடம் கேட்டிருந்தால் விளங்கியிருக்கும்.

1956 ஓகஸ்ற் 17 ஆம் திகதி டக் லேக்கில் விமானம் வந்து இறங்கியது. அங்கிருந்த வியாபாரக் கடை மூடப்படுவதும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் மான்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே இதன் பின்னால் பெரிதாக நின்றது. கையில் தூக்கக்கூடியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மக்கள் ஏறினார்கள். அவர்களை இறக்கிய இடம் சர்ச்சில் என்னும் துறைமுகப் பட்டினம். பாறையும் கடற்காற்றும் உள்ள கரை. வேட்டைக்கு வழியில்லை, தெரிந்த தொழிலுக்கு இடமில்லை. இடுகாட்டுக்குப் பக்கத்திலே கொட்டில்கள். பட்டினத்துக் குப்பைமேட்டிலே உணவு தேடினார்கள். குளிர், தீ விபத்து, குடி, வன்செயல் எல்லாமாகச் சேர்ந்து, சுமார் 250 பேராக இருந்த அந்தச் சமூகத்தில் இருபது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

1973 இல் எஞ்சியோரில் ஒரு பகுதியினர் தாமாகவே எழுந்து மான் வரும் நாட்டுக்குத் திரும்பினார்கள். டடூலி ஏரிக்கரையிலே புதிதாக ஊர் அமைத்தார்கள். மனிற்றோபா அரசு 2010 இல் மன்னிப்புக் கேட்டது. கனடிய மத்திய அரசு 2016 இல் மன்னிப்புக் கேட்டு 3 கோடியே 36 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கியது. விமானம் வந்திறங்கி அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

வேட்டைக்காரர் அரசாங்கத்தின் கணக்கை ஏன் நம்புவதில்லை என்று கேட்போருக்கு இதுவே முதல் விடை. படிப்பறிவில்லாமையால் வந்த அவநம்பிக்கை அல்ல இது. முந்திய ஒரு கணக்கு அவர்களுக்கு என்ன செய்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கணக்குப் பிழைத்தபோது

சயிசி டெனே மக்கள் நம்பியிருந்த மந்தைக்குக் கமனிர்யுவாக் என்று பெயர். 1970களின் இறுதியில் அதிலே 50 ஆயிரத்துக்கும் குறைவான மான்களே உள்ளன என்று உயிரியலாளர் கணக்கிட்டார்கள். மான் சாகவில்லை, வேறு பக்கம் போயிருக்கிறது என்றார்கள் வேட்டைக்காரர். சில ஆண்டுகளில், 1980களின் தொடக்கத்தில், மறுபடி எண்ணியபோது மந்தை ஒரு இலட்சத்தை நன்றாகத் தாண்டி நின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் குட்டி போட்டு இவ்வளவு பெருக முடியாது. முன்னைய கணக்கிலே ஏதோ தவறிப்போயிருந்தது.

எண்ணும் முறையை அறிந்தால் இது வியப்பல்ல. ஜூன் மாதத்தில் குட்டி போடும் வெளிக்கு மேலாக விமானத்தில் பறந்து படம் எடுக்கிறார்கள். படத்தில் தெரியும் பெண் மான்களை எண்ணி, அதிலிருந்து முழு மந்தையையும் கணித்துக்கொள்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் மான்கள் அந்த ஆண்டு வேறு வெளிக்குப் போயிருந்தால் விமானத்துக்கு அது தெரியாது. நிலத்திலே நடப்பவனுக்குத் தெரியக்கூடும்.

அந்தப் பிழையிலிருந்து ஒரு நன்மை பிறந்தது. 1982 இல் அந்த மந்தைக்கும் அயலிலுள்ள பெவர்லி மந்தைக்குமாக ஒரு கூட்டு முகாமைச் சபை அமைக்கப்பட்டது. அரச பிரதிநிதிகளும் வேட்டைச் சமூகங்களின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் இருந்தார்கள். பெரும்பான்மை ஆசனங்கள் சமூகங்களுக்கு.

கணக்குச் சரியானபோது

இத்துடன் கதையை நிறுத்தினால் அரசு பிழை, வேட்டைக்காரன் சரி என்று முடித்துவிடலாம். அது எமக்கு இனிக்கவும் செய்யும். ஆனால் உண்மை அவ்வளவு இலகுவானதல்ல.

யெலோநைவ் நகரத்துக்கு வடக்கே பாதர்ஸ்ற் என்று ஒரு மந்தை உண்டு. 1986 இல் அது ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம். 2003 இல் 1 இலட்சத்து 86 ஆயிரம். 2009 இல் 32 ஆயிரம். அரசு இதைச் சொன்னபோதும் வேட்டைக்காரரில் பலர் பழைய விடையையே சொன்னார்கள்: மான் வேறு பக்கம் போயிருக்கிறது. 2010 ஜனவரியில் அரசு மந்தையின் மாரிக்கால நிலப்பரப்பிலே வேட்டையைத் தடை செய்தது. எம்மைக் கேளாமல் எப்படித் தடுக்கலாம் என்று டெனே மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே மான் நடக்கும் பாதையிலே 1998 இல் எக்காட்டி வைரச் சுரங்கமும் 2003 இல் டயவிக் சுரங்கமும் திறக்கப்பட்டன. சுரங்கங்களைச் சுற்றி 14 கிலோமீற்றர் வரை மான்கள் குறைவாகவே தங்குகின்றன என்று 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. கொம்புக்காகப் பணம் கட்டி வந்த வெளியூர் வேட்டைக்காரருக்கும் பல ஆண்டுகளாக அனுமதி இருந்தது. குடும்பத்துக்கு இறைச்சி தேடுபவனுடைய துவக்கு மாத்திரம் எப்படிக் குற்றவாளியானது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனாலும் மான் உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் இருந்தது. காலநிலை மாற்றம், காட்டுத்தீ, ஓநாய், சுரங்கம், வேட்டை என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எது எவ்வளவு என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2018 இல் எஞ்சியவை ஏறத்தாழ 8,200. 2021 இல் ஏறத்தாழ 6,200. நூறு மான் நின்ற இடத்தில் ஒரு மான்.

இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. அரசாங்கம் ஒரு முறை பிழையான கணக்கை வைத்து மக்களை வதைத்தால், பின்னொரு நாள் சரியான கணக்கோடு வரும்போதும் அதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்த இடைவெளியிலே ஆண்டுகள் கழிகின்றன. அதன் விலையை மான் கொடுக்கிறது. பிறகு மானை நம்பியிருக்கும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அவநம்பிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனால் அவநம்பிக்கை மந்தையை எண்ணித் தராது.

இதை அங்குள்ள மக்களே விளங்கிக்கொண்டார்கள். 2010 இன் பிற்பகுதியில் ஆண்டுக்கு 300 மான் என்ற எல்லைக்குப் பேச்சு மூலம் இணங்கினார்கள். ட்லிச்சோ டெனே மக்களுக்கு 2005 முதல் சொந்த ஆட்சி உண்டு. 2016 இலிருந்து அவர்களுடைய முதியோரும் இளையோரும் கோடைக்காலத்திலே கொன்ற்வொய்ற்றோ ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரமடித்து, நடந்து திரிந்து மான்களைக் கவனிக்கிறார்கள். மான் எதைத் தின்கிறது, குட்டிகள் எப்படி, நொண்டும் மான் எத்தனை என்று நாளாந்தம் குறிப்பெடுக்கிறார்கள். விமானத்தின் கணக்கு ஒரு பக்கம். காலால் நடந்து கண்ட கணக்கு மறுபக்கம். தம்முடைய கண்ணாலே கண்ட பிறகு, துவக்கைக் கீழே வைப்பது கட்டளையாக அல்ல, சொந்தத் தீர்மானமாக அமைகிறது.

எமது பக்கம்

இது எங்கோ பனி நாட்டுக் கதை என்று எமது வாசகர்கள் ஒதுக்கமாட்டார்கள் என நம்புகிறோம். 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது வேடர் சமூகத்தின் வேட்டை நிலம் பூங்காவுக்குள் போயிற்று. பல குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாஹாமி போக மறுத்தார். 1998 இல் இறக்கும் வரை மறுத்தே இருந்தார். வன்னியிலும் மன்னாரிலும் போருக்குப் பின் ஊர் திரும்பியவர்களில் பலர், காடு மண்டிப்போன தம் காணிக்குள்ளே வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கக் கண்டார்கள். இல்லாதவனுடைய காணியை வரைபடத்தில் காடாக்குவது இலகு.

ஆகவே காணி உறுதி, பழைய வரி ரசீது, கிணறு தோண்டிய ஆண்டு, குளத்தின் பெயர், எல்லையில் நின்ற மரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எண்ண வருபவர்களோடு கூடப் போங்கள். கேளாமல் எழுதப்பட்ட அறிக்கையைக் கேள்வி கேளுங்கள்.

அதேவேளை எமது கையையும் நாம் பார்க்க வேண்டும். கட்டுத்துவக்கும் சுருக்குத்தடமும் பன்றிக்கென்றே வைக்கப்படுகின்றன. மாட்டுவது குட்டி ஈனும் மானாகவும் இருக்கும், விறகு பொறுக்கப் போன பிள்ளையாகவும் இருக்கும். மான் இறைச்சி சந்தைச் சரக்காகிவிட்ட இடத்திலே, இது எமது பாரம்பரிய உரிமை என்று சொல்ல எமக்கு வாய் வராது. இலாகாவின் கணக்கை நாம் நம்பாவிட்டால், எமது கணக்கை நாம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு எமக்கே பாதகமாக வந்தாலும் அதைச் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

டக் லேக்கின் கரையில் கிடந்தது வீணான இறைச்சியா, மாரிக்கு வைத்த சோறா என்று கேட்பதற்கு 1955 இல் ஒரு நாள் போதுமாயிருந்தது. அந்த ஒரு நாளை ஒருவரும் செலவிடவில்லை.