சிறு வெற்றிகளையும் வரவு வைப்போம்

வீட்டுக்கடன் பெற்ற ஒரு குடும்பம் அந்தக் கடனின் பெயரால் மகிழ்ந்து கொண்டாடும் நாள்கள் இரண்டே. ஒன்று புதுமனை புகுவிழா. மற்றொன்று கடன் முழுவதும் தீர்ந்து வீட்டுப் பத்திரம் கைக்குத் திரும்பும் நாள். இருபது ஆண்டுக் கடன் என்றால் இவ்விரண்டு நாள்களுக்கும் இடையே 240 மாதத் தவணைகள் இருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செலுத்திய நாளின் மாலையில் எந்த வீட்டிலாவது பாயசம் வைத்ததுண்டா?

தவணை கட்டுவது கடமைதானே, அதில் கொண்டாட என்ன இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். கணக்கைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று புலப்படும். 20 இலட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 17,356 ரூபாய் வரும். முதல் மாதத்தில் அதிலிருந்து சுமார் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 3,190 ரூபாய் அளவே. ஓராண்டு தவறாமல் கட்டி முடிக்கும்போது 2 இலட்சத்து 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்போம்; அசலோ 40 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கும். வட்டி விகிதம் மாறாமல் இருந்தாலும் அசலில் பாதி தீர்வதற்கு ஏறக்குறைய 14 ஆண்டுகள் பிடிக்கும்.

ஆக, முடிவை மட்டுமே நோக்கி இருப்பவர், பாதி வழி வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்கே 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் தொட்டிலில் இருந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். அத்தனை காலமும் அவர் தம் மனத்துக்குக் காட்டியது நிலுவைத் தொகை ஒன்றைத்தான். அந்த மனம் சோர்ந்துபோனால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கடனில் மட்டுந்தான் இப்படி என்று சொல்வதற்கில்லை. தேர்வு முடிவு, வேலை, திருமணம், வீடு எனப் பெரிய நாள்களைக் கொண்டாடுவதில் நாம் வல்லவர்கள். அந்த நாள்களை நோக்கி நடந்த சாதாரண நாள்களுக்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. கணக்கென்றாலே அஞ்சிய மாணவன் யாருடைய துணையுமின்றி ஒரு வினாவுக்கு விடை கண்டுவிடுகிறான். எழுபது வயதுப் பெரியவர் பேரனைக் கூப்பிடாமல் தாமாகவே கைப்பேசியில் மின்கட்டணம் செலுத்திவிடுகிறார். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் ஒரு மாதம் முழுவதும் காலை நடையைத் தவறவிடவில்லை. இவற்றை யாரேனும் வாய்திறந்து சொன்னால், “இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?” என்ற கேள்வியே பதிலாகக் கிடைக்கிறது. பல வேளைகளில் பிறர் கேட்பதற்கு முன்பே நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம்.

இக்கேள்விக்குப் பின்னால் நல்ல குணங்களும் உள்ளன என்பதை மறுக்க முடியாது. தற்புகழ்ச்சி கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிள்ளையை நேரில் புகழ்ந்தால் கெட்டுவிடும், வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்பன வீட்டுப் பெரியவர்களின் அச்சங்கள். ஆயினும் அடக்கம் வேறு, செய்ததைச் செய்ததாக ஏற்க மறுப்பது வேறு. வரவைப் பதியாமல் செலவை மட்டும் எழுதும் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். நம் மனக்கணக்கை மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே எழுதி வருகிறோம்.

இந்தப் பழக்கத்தால் மிகுதியாக இழப்பவர்கள் இல்லத்தரசிகள் என்பது நம் கருத்து. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்களை. ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்பு! துலக்கிய பாத்திரம் இரவுக்குள் மீண்டும் அழுக்காகிவிடும்; மடித்து வைத்த துணி மறுநாளே கூடைக்குத் திரும்பும். முடிந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாத வேலை இது. மாதக் கடைசியில் கையிருப்பு குறைந்த நிலையிலும் மளிகைச் செலவைச் சமாளித்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் நாள் தவறாமல் கட்டியவரிடம், “எப்படிச் சமாளித்தாய்?” என்று ஒரு முறையேனும் கேட்ட குடும்பங்கள் எத்தனை?

சிறு முன்னேற்றம் மனத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தெரசா அமபில், உளவியலாளர் ஸ்டீவன் கிராமருடன் சேர்ந்து ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்களின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து, 2011இல் அம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஊழியர்கள் உற்சாகமாக இருந்த நாள்களில் பெரும்பாலும் காணப்பட்டது ஊதிய உயர்வோ பாராட்டு விழாவோ அன்று. பொருளுள்ள தம் வேலையில் ஓர் அடியேனும் முன்னே சென்றோம் என்ற உணர்வே. அந்த அடி மிகச் சிறியதாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. அன்றாடப் பின்னடைவுகள் முன்னேற்றத்தைவிட வலுவாக மனத்தைத் தாக்கின என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. தீயது தானாகவே நினைவில் தங்கிவிடுகிறது. நல்லதை நாம்தான் முயன்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஊழியரை ஊக்குவிப்பது எது என்று மேலாளர்களிடம் கேட்டபோது, கொடுக்கப்பட்ட ஐந்து காரணிகளில் முன்னேற்றத்துக்குத் துணை நிற்பதை அவர்கள் கடைசி இடத்தில் வைத்தார்கள்!

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு உடையவர்களிடையே ஒரு சிகிச்சை முறையைச் சோதித்தது. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து ஆலோசகர்களாக்கினர். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மனச்சோர்வினால் கைவிட்ட சிறு செயல்களை ஒவ்வொன்றாகத் திட்டமிட்டு மீண்டும் செய்வதும், அதனால் மனநிலை எப்படி மாறுகிறது என்று கவனிப்பதுமே அதன் மையம். மூன்று மாத முடிவில் இச்சிகிச்சையைப் பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடையே அது 39 விழுக்காடாக இருந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. குளித்து உடைமாற்றுவதும், தெருமுனைவரை நடந்து வருவதும் ஒருவருக்குச் சாதனையாக இருக்க முடியும் என்பதை அந்தச் சிகிச்சை அறையில் எவரும் நகைத்திருக்க மாட்டார்கள்.

கொண்டாட்டம் என்றவுடன் கடைத்தெரு நினைவுக்கு வருவதுதான் இக்காலத்தின் கோளாறு. ஒரு வார வேலையை முடித்ததற்குப் பரிசாகக் கடன் அட்டையைத் தேய்த்து ஒரு பொருள் வாங்கினால், அந்த மகிழ்ச்சிக்கு அடுத்த மாதம் விலைச்சீட்டு வந்து சேரும். வங்கி இதழே இதைச் சொல்லலாமா என்று கேட்கலாம், சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சிறு வெற்றியையும் படமெடுத்து ஊருக்கு அறிவித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதும் நமக்கு உடன்பாடில்லை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் நாள்காட்டி இதற்குப் போதும். பால் கணக்கையும் சமையல் எரிவாயு உருளை வந்த தேதியையும் அதில்தானே குறிக்கிறோம்? அதே கட்டத்தின் ஓரத்தில், “இன்று மூன்று கிலோமீட்டர் நடந்தேன்”, “37ஆவது தவணை” என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இரவு உணவின்போது, அன்று தம்மால் நன்றாக முடிந்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லலாம். அதைக் கேட்பவர்கள் உடனே அறிவுரை தொடங்காதிருப்பது முக்கியம்.

இதனால் எல்லா வருத்தமும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. உறக்கமும் பசியும் குலைந்து, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி இருப்பவரிடம் “சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி காண்” என்பது ஆறுதலாகாது; அவருக்கு வேண்டியது மருத்துவ உதவி. மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தயக்கத்தை விட்டு அந்த எண்ணை அழுத்துவதையும் நாள்காட்டியில் குறிக்கத்தக்க செயலாகவே நாம் கருதுகிறோம்.

தவணை கட்ட இயலாத மாதங்களும் குடும்பங்களுக்கு வருவதுண்டு. வேலை போயிருக்கலாம், மருத்துவமனைச் செலவு வந்திருக்கலாம். அப்போது பலர் வெட்கத்தால் வங்கியின் அழைப்பை எடுக்காமல், கிளை இருக்கும் தெருவையே சுற்றிப் போகிறார்கள். வீட்டாரிடமும் சொல்வதில்லை. நாள்கள் செல்லச்செல்ல அபராதமும் அச்சமும் சேர்ந்தே வளர்கின்றன. கெடு நாளுக்கு முன்பே கிளைக்கு வந்து மேலாளர் எதிரில் அமர்ந்து, “இந்த மாதம் என்னால் முடியவில்லை, என்ன வழி?” என்று கேட்பதற்கு அவர் எவ்வளவு துணிவைத் திரட்ட வேண்டியிருக்கிறது! அன்று அவர் கணக்கில் ஒரு ரூபாயும் வரவு ஆகியிராது. ஆனாலும் மாலையில் வீடு திரும்பும்போது, “போய்ச் சொல்லிவிட்டு வந்தாயா? நல்லது” என்று ஒருவர் ஒரு தம்ளர் காப்பியை நீட்டட்டும்.