தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

ஓசூரில் இன்று மோட்டார் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகின்றன. கன்னட நாட்டு எல்லையோ கூப்பிடு தூரம். ஆயினும் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று சென்றால், யானைகள் நடமாடும் வனம் தொடங்கிவிடுகிறது. இவ்வனத்தை உலகறியச் செய்தவர் பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன். 1954-இல் வெளிவந்த அவரது நூலில் ஜவளகிரிப் பெண்புலியின் வரலாறு இருக்கிறது. அது பிறவியிலேயே ஆட்கொல்லி அன்று. இணையை வேட்டைக்குப் பறிகொடுத்தது. பின்னர் ஒருவர் சுட்ட தோட்டா உயிரைப் போக்காமல் காயத்தை மட்டும் உண்டாக்கிற்று. அதன் பிறகே மனிதரைக் கொல்லத் தொடங்கியது.

நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் வீழ்த்தினார். பழைய குண்டடியால் அதன் வலப்புறக் கோரைப்பற்கள் சிதைந்திருக்கக் கண்டார். குறி தவறிய தோட்டாவுக்கு விலை கொடுத்தவன் சுட்ட கனவான் அல்லன். சுள்ளி பொறுக்கவும் புல் அறுக்கவும் போன ஏழைதான்!

குறி ஏன் தவறுகிறது? அச்சமும் அவசரமும் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை அணிந்தவன்போல, உடலுக்குப் பொருந்தாத துப்பாக்கியை ஏந்தியவனும் இடர்ப்படுவான் என்பதைப் பலர் அறியார்.

தாழ்ப்பாள் ரைபிளின் தத்துவம் எளியது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப்போல் பிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளித் தாழ்த்தினால் புதிய தோட்டா உள்ளே அமர்ந்து பூட்டிக்கொள்ளும். கார்பெட் புகழ்பெறச் செய்த ரிக்பி இவ்வகையைச் சேர்ந்தது. ஆண்டர்சனுடைய வின்செஸ்டரோ நெம்புகோலால் இயங்குவது. எவ்வகையாயினும் பொருத்தத்தின் இலக்கணம் ஒன்றே.

முதலில் தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். பிறகு அபாயமற்ற திசையை நோக்கி நின்று, கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளில் சார்த்திக் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்களைத் திறக்க வேண்டும். குறிமுள் நேரே தெரிந்தால் அது உமக்குரியது. கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட நேர்ந்தால் கட்டை உயரத்திலோ நீளத்திலோ பிழை இருக்கிறது. விசையிலிருந்து கட்டையின் அடிவரை பெரும்பாலும் 13 முதல் 14 அங்குலம் இருக்கும். நீளம் மிகுந்தால் கட்டை அக்குளில் சிக்கும். குறைந்தால் பின்னுதைப்பில் கட்டைவிரல் மூக்கைப் பதம் பார்க்கும்.

அடுத்தது சமநிலை. பாரம் இரு கைகளுக்கும் நடுவில் தங்க வேண்டும். குழல்முனை கனத்தால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். மிக இலேசானால் மூச்சு விடும்போதெல்லாம் குறி அலையும். பிரிட்டிஷ் ராணுவத்து லீ-என்பீல்டு துப்பாக்கிக்கே நான்கு நீளங்களில் கட்டைகள் செய்தார்கள். சிப்பாயின் கைக்கு அளவு பார்த்த அதே சர்க்கார், குடியானவனின் கையில் துப்பாக்கியே கூடாது என்றது!

லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் 1878-இல் பிறந்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்ததும் அவ்வாண்டிலேதான். வெள்ளையருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். ராணுவத்தின் 0.303 தோட்டா ஜனங்கள் கைக்குப் போகலாகாது என்ற தடையினாலேயே, 0.315 அங்குல ரைபிள் இந்நாட்டில் பரவிற்று. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை அதைச் செய்து வந்தது. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைக் குடிமகனின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. சுயராஜ்யத்தில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நிறபேதத்துக்கு இடமின்றி அனைவருக்கும் லைசென்ஸ் என்றது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லை; அது நல்லதே. ஆகவே லைசென்ஸ் பெற்றுக் குறிபார்க்கும் பயிற்சிக்காக ரைபிள் வாங்குவோருக்கே மேற்சொன்ன அளவுகள் பயன்படும். ஆனால் மலைக்கிராமங்களில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு அளவும் இல்லை, அனுமதியும் இல்லை. அவற்றிலிருந்து சிதறும் ரவைகள் விலங்கைக் கொல்வதினும் முடமாக்குவதே அதிகம். வலியோடு காட்டுக்குள் மறைந்த விலங்கு யார்மீது வஞ்சம் தீர்க்கும்? மறுநாள் மாடு மேய்க்கப் போகும் சிறுவன் மீதன்றோ! ஆயுதம் தாங்கும் உரிமையைக் கேட்டுப் பெற்ற தேசம், அதை எப்பொழுது தாங்கக்கூடாது என்பதையும் கற்றாக வேண்டும்.