அடிக்கடி பாடினால் ஆதாயம் யாருக்கு?

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடல் பதிவுசெய்தால் போதும் என்று கலைஞர்கள் இனி இருக்க முடியாது என 2020-இல் ஸ்பாட்டிஃபை இணை நிறுவனர் டேனியல் எக் கூறினார். இசைக்கலைஞர்கள் பலர் கொதித்தெழுந்தனர். ஆயினும் அந்த அறிவுரையே இன்று ராப் உலகின் நடைமுறையாகிவிட்டது. ராப் இசையில் எனக்குத் தேர்ச்சி இல்லை; இக்கேள்வியோ பொருளாதாரம் சார்ந்தது.

இத்தளங்களில் சந்தா, விளம்பர வருவாயின் பெரும்பகுதி ஒரு பொதுத் தொகையாகத் திரண்டு, பாடல்கள் கேட்கப்பட்ட எண்ணிக்கையின் விகிதத்தில் பங்கிடப்படுகிறது. 30 விநாடி கேட்டாலே கணக்கில் சேரும். ஒருவர் மட்டும் மாதந்தோறும் பாடல் வெளியிட்டால் அவருடைய பங்கு கூடலாம். அனைவரும் அவ்வாறே செய்தால் பொதுத் தொகை அதனால் பெருகிவிடாது. உழைப்பும் ஒலிப்பதிவுச் செலவுமே பெருகும். தளத்துக்கோ செலவின்றிச் சரக்கு சேர்கிறது. மேலும், ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை தருவதில்லை. சிறிய ரசிகர் கூட்டத்தைப் பத்துப் பாடல்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர், பத்திலும் இந்த வரம்பைத் தவறவிடக்கூடும்.

கெண்ட்ரிக் லாமர் 2017-க்குப் பின் அடுத்த தனி ஆல்பத்தை 2022-இல்தான் வெளியிட்டார். அதே ஆண்டில் டிரேக், கூட்டு ஆல்பம் ஒன்று உட்பட, இரண்டு வெளியிட்டார். மூன்றுமே அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றன. லாமரால் காத்திருக்க முடிந்தது, சேர்த்து வைத்த புகழால். புதியவரிடம் அந்த முதலீடு இல்லை. அதனால்தான் அவரை அவசரப்படுத்துவது எளிதாகிறது. ஆண்டுக்கு நான்கைந்து பாடல்களோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை மேடை நிகழ்ச்சிகளில் இடுமாறே நான் அவருக்குச் சொல்வேன்.